திறமை என்னும் நுழைவுக் கட்டணம்

'எக்ஸ்ட்ராஆர்டினரி அட்டர்னி வூ' பற்றிக் குறையாக எதையாவது சொன்னால் கொரியத் தொடர் பார்க்கும் நண்பர்களுக்கு மனம் பொறுப்பதில்லை. அவர்களுடைய கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. நம் சின்னத்திரையில் மாற்றுத்திறனாளி என்றால் ஒன்று கண்ணீர், இல்லையென்றால் கேலி. வில்லிக்குக் கடைசி வாரத்தில் கிடைக்கும் தண்டனையாகப் பக்கவாதம் வரும். கதாநாயகியின் பொறுமையைச் சோதிப்பதற்கென்றே சக்கர நாற்காலியில் ஒரு மாமனார் இருப்பார். இந்த வறட்சிக்கு நடுவில், ஆட்டிசம் உள்ள ஒரு பெண்ணை வழக்கறிஞராகவும் தோழியாகவும் காதலியாகவும், சில வழக்குகளில் தோற்கிறவளாகவும் பதினாறு பகுதிகள் நிறுத்திக் காட்டிய தொடரை எதற்காகக் குறைசொல்ல வேண்டும் என்று கேட்கிறார்கள். ஆட்டிசம் உள்ள ஒருத்தியை ஊரே நேசிக்கும்படி செய்தார்களே, அது போதாதா?

போதாது. அந்த நேசம் என்ன நிபந்தனையின் பேரில் கிடைத்தது என்று பார்க்காமல் அதைக் கொண்டாட என்னால் முடியாது. ஊனத்தைப் பற்றிப் பேசுவதுபோல் தோன்றும் இந்தத் தொடர், ஊனமும் வர்க்கமும் சேருமிடத்தைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே கடந்துபோகிறது. இதை ஒரு சின்ன விடுபடலாக நான் நினைக்கவில்லை. தொடரின் வெற்றியே இந்த விடுபடலின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

சிறப்புகளை மறுக்கும் எண்ணம் எனக்கில்லை. 2022 ஜூன் 29 அன்று ஈஎன்ஏ என்ற சிறிய கேபிள் அலைவரிசையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான பார்வையாளர்களோடு தொடங்கி, ஆகஸ்ட் 18இல் முடியும்போது 17 சதவீதத்தைத் தாண்டியது. விளம்பரத்தால் மட்டும் நடக்கக்கூடியதல்ல இது. 2023இல் பேக்சாங் விருது விழாவின் பெரும்பரிசை, நாயகியாக நடித்த பாக் ஊன்-பின் பெற்றதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அவர் நாயகி வூ யங்-வூவை ஒருபோதும் குழந்தையாக்கவில்லை. எழுத்தாளர் மூன் ஜி-வொன் வழக்குகளைக் கட்டும் விதம் நேர்த்தியானது. பத்தாம் பகுதியில், அறிவுத்திறன் குறைபாடுள்ள ஒரு பெண்ணுக்குத் தவறான ஆணைக் காதலிக்கும் உரிமையும் உண்டு என்று வாதிடும் துணிச்சல் அவருக்கு இருந்தது. ஆட்டிசம் உள்ள பாத்திரத்தை ஆட்டிசம் இல்லாத நடிகை ஏற்றது பற்றியும் விவாதம் உண்டு. அது நியாயமான விவாதம்தான். என் மறுப்பு அதுவல்ல.

என் மறுப்பு பழையது. 2013இல் கேபிஎஸ் 'குட் டாக்டர்' ஒளிபரப்பிய காலத்திலிருந்து இருப்பது. ஆட்டிசம் உள்ள இளம் மருத்துவர், உடற்கூறு முழுவதும் மனக்கண்ணில் ஓடும் மேதை. அந்தத் தொடரை 2017இல் அமெரிக்கர்கள் மறுஆக்கம் செய்தார்கள். ஏழு பருவங்கள், 2024 வரை ஓடியது. அதற்கு நடுவில் வந்து நிற்கிறாள் வூ. சியோல் தேசியப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் முதல் மாணவி, படித்த எதையும் மறக்காதவள். இவர்களுக்கெல்லாம் கதவு திறப்பது எதனால்? மற்றவர்களால் முடியாத ஒன்றை இவர்கள் செய்துகாட்டுவதால். ஆட்டிசம் உள்ளவருக்கு வேலை கொடுங்கள் என்று இந்தத் தொடர்கள் சொல்வதில்லை. ஆட்டிசம் உள்ள மேதைக்கு வேலை கொடுக்காவிட்டால் உங்களுக்குத்தான் நஷ்டம் என்கின்றன. கேட்பதற்கு ஒன்றுபோல இருந்தாலும் முதலாவது உரிமை, இரண்டாவது வியாபாரம். மேதைமை இல்லாதவர் இரண்டாவது வாக்கியத்தில் எங்கும் இல்லை.

இதே மூன் ஜி-வொன் இதற்குமுன் எழுதிய 'இன்னசென்ட் விட்னஸ்' (2019) படத்தில், ஆட்டிசம் உள்ள பள்ளி மாணவி ஒருத்தி வழக்கறிஞராக ஆசைப்படுகிறாள். தன்னால் அது முடியாது போலும், ஆனால் சாட்சியாக இருக்க முடியும் என்ற இடத்துக்கு வருகிறாள். அந்தப் படத்தில் ஒரு அடக்கம் இருந்தது. அவளுடைய சொல்லை நீதிமன்றம் எப்படிக் கேட்க வேண்டும் என்பதுதான் அங்கே கேள்வி; மாறவேண்டியது நீதிமன்றம். தொலைக்காட்சிக்கு வந்தபோது அந்தப் பெண்ணின் ஆசை நிறைவேறிவிட்டது, நீதிமன்றம் மாறவேண்டிய தேவை போய்விட்டது.

மூன்றாம் பகுதியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது எளிதில் புரியும். ஆட்டிசம் உள்ள கிம் ஜொங்-ஹூன் தன் அண்ணனைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்படுகிறான். வூ அவனுக்காக வாதாடுகிறாள். அவனுடைய மனநிலையைக் கருத்தில்கொள்ள வேண்டும் என்ற வாதம் வரும்போது, அரசுத்தரப்பு அவளையே சுட்டுகிறது: வழக்கறிஞருக்கும் ஆட்டிசம்தானே, அவர் இப்படி நின்று வாதாடுகிறாரே! ஒருத்தியின் திறமை இன்னொருவனுக்கு எதிரான சான்றாகிவிடுகிறது. மேதைகளை மட்டும் காட்டிக்கொண்டிருந்தால் மேதையல்லாதவர்களுக்கு என்ன நேரும் என்பதைத் தொடர் தானே கண்டுபிடித்துவிட்ட இடம் இது.

அதே பகுதியில் ஜொங்-ஹூனின் தாய் வூவிடம் பேசுகிறாள். உன்னைப் பார்க்கும்போது எங்களுக்கு மனம் கலங்குகிறது, இருவருக்கும் ஒரே ஆட்டிசம், ஆனால் பெரும்பாலோர் என் பிள்ளையைப் போலத்தான் இருக்கிறார்கள் என்ற பொருளில் சொல்கிறாள். பதினாறு பகுதிகளில் இதைவிட உண்மையான காட்சி இல்லை. எழுத்தாளருக்குத் தன் கதையின் குறை தெரிந்திருக்கிறது. தெரிந்தும் என்ன செய்தார்? வழக்கு முடிந்ததும் தாயும் மகனும் கதையிலிருந்து போய்விடுகிறார்கள். வூ மனம் உடைந்து வேலையை விடுகிறாள், அடுத்த பகுதியில் தோழியின் குடும்ப வழக்குக்காகத் திரும்புகிறாள். தாயின் பேச்சு வூவின் மனக்காயத்துக்குக் காரணமாகப் பயன்பட்டு முடிந்துபோகிறது.

அந்தக் குடும்பம் எந்தக் குடும்பம் என்பதையும் கவனிக்க வேண்டும். வசதி படைத்த வீடு. மூத்த மகன் மருத்துவ மாணவன். கடும் ஆட்டிசம் உள்ள ஒருவரைத் தொடர் நெருங்கிப் பார்த்த வழக்கில், பணம் ஒரு பிரச்சினையே இல்லாத வீட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. ஆகவே அந்தத் தாயின் துயரம் முழுவதும் மனத்தின் துயரமாக இருக்கிறது. அவள் பகலில் வேலைக்குப் போனால் இருபது வயது கடந்த மகனை யார் பார்த்துக்கொள்வது, பயிற்சிக்கும் சிகிச்சைக்கும் மாதம் எவ்வளவு ஆகிறது, தனக்குப் பிறகு அவன் எங்கே போவான் என்ற கேள்விகளைத் தொடர் எழுப்பவேண்டிய அவசியமே வரவில்லை. கொரியாவில் பதிவுபெற்ற மாற்றுத்திறனாளிகள் சுமார் 26 லட்சம் பேர். அவர்களுடைய வீடுகளில் பலவற்றில் விடிந்ததும் முதலில் எழுவது இந்தக் கேள்விகள்தான்.

இனி வூவின் மேதைமை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அப்பா வூ குவாங்-ஹோ சிறிய கிம்பாப் கடை நடத்துகிறார். எளிய மனிதர், மகளுக்காக வாழ்வைக் கொடுத்தவர். பார்வையாளர் மனத்தில் வூ ஓர் ஏழைத் தகப்பனின் மகளாகப் பதிகிறாள். ஆனால் அவர் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். ஐந்து வயதுவரை பேசாதிருந்த குழந்தை முதன்முதலாக வாய்திறப்பது, அப்பாவை வீட்டுக்காரர் அடிக்கும்போது. சொல்வது தண்டனைச் சட்டத்தின் வாசகம். அது அவளுக்கு எப்படித் தெரியும்? வீட்டில் அப்பாவின் சட்டப் புத்தகங்கள் இருந்தன. கிம்பாப் உருட்டும் எல்லா வீட்டிலும் தண்டனைச் சட்டம் அலமாரியில் இருப்பதில்லை. வசதியை இழந்த ஒரு படித்த வர்க்கத்தின் வீடு அது. அந்த வீட்டிலிருந்து கிடைத்த சொத்தைத் தொடர் பிறவி அதிசயமாக மாற்றிவிடுகிறது.

வேலை கிடைத்த கதையும் அப்படித்தான். முதல் மாணவியாகத் தேறியும் ஆறு மாதம் எந்த நிறுவனமும் அவளை எடுக்கவில்லை. இது கூர்மையான தொடக்கம். பிறகு ஹன்படா என்ற பெருநிறுவனம் எடுக்கிறது. ஏன்? அதன் தலைவி ஹான் சொன்-யங், அப்பாவுக்குக் கல்லூரியில் இளையவர். தன் போட்டி நிறுவனமான தேசானின் தே சூ-மிதான் வூவைப் பெற்ற தாய் என்று தெரிந்து, அந்த ரகசியத்தைக் கையில் வைத்துக்கொள்வதற்காகவே எடுக்கிறார். ஆக, ஆட்டிசம் உள்ள வழக்கறிஞருக்கு வேலை கிடைத்தது ஒரே பல்கலைக்கழகத்தில் படித்த மூவரின் பழைய கணக்கால். கொரிய மேல்தட்டு எப்படி இயங்குகிறது என்பதை இதைவிட நன்றாகக் காட்ட முடியாது. ஆனால் தொடர் இதைப் பிறப்பு ரகசியமாக, தாய்-மகள் சந்திப்பாக, கண்ணீராகக் கரைத்துவிடுகிறது.

கொரியாவில் சட்டம் ஒன்று இருக்கிறது. 50 பேரோ அதற்குமேலோ வேலைசெய்யும் தனியார் நிறுவனங்கள் தம் பணியாளர்களில் 3.1 சதவீதம் மாற்றுத்திறனாளிகளை எடுக்க வேண்டும். 100 பேரோ அதற்குமேலோ உள்ள நிறுவனம் எடுக்கவில்லையென்றால் பணம் கட்ட வேண்டும். பணத்தைக் கட்டிவிட்டு எடுக்காமல் இருக்கும் நிறுவனங்கள் உண்டு. சட்ட நிறுவனத்தில் நடக்கும் சட்டத் தொடரில் இந்தச் சட்டக் கடமை ஒரு கதைப்பொருளாக எழுவதில்லை. வூவை எடுத்தது தலைவியின் சாமர்த்தியம், அவளை ஏற்றது மூத்த வழக்கறிஞர் ஜங் மியங்-சொக்கின் பெருந்தன்மை, தாங்கியது தோழி சொய் சூ-யானின் நல்ல மனம். எல்லாம் தனிமனித நற்குணம். நற்குணம் இருக்கும் இடத்தில் வேலை கிடைக்கும், இல்லாத இடத்தில் கிடைக்காது. இதற்காகவா அங்கே சட்டம் கேட்டுப் போராடினார்கள்?

அந்தச் சட்டத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் இருக்கிறது. கொரியக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் ஏழாம் பிரிவு, வேலைத்திறன் குறைவு என்று அனுமதி பெற்றால் மாற்றுத்திறனாளித் தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலிகூடத் தர வேண்டியதில்லை என்கிறது. வூ சம்பளம் வாங்கும் நாட்டில்தான் இதுவும் நடக்கிறது. திறனுக்குத் தகுந்த மதிப்பு என்ற நியாயத்தை இறுதிவரை கொண்டுபோனால் வந்துசேரும் இடம் இந்த ஏழாம் பிரிவுதான். வூவின் கதையைத் தாங்கிநிற்பதும் அதே நியாயம். இதனால்தான் அந்தக் கதையோடு என்னால் சமாதானமாகப் போக முடியவில்லை.

தொடரின் ஆதரவாளர்கள் இங்கே குவோன் மின்-வூவை முன்வைப்பார்கள். வூவைப் பலவீனமானவள் என்று நினைப்பது ஏமாளித்தனம், அவள் எப்போதும் நம்மை வெல்கிறாள், அவளை எதிர்க்க மட்டும் நமக்கு அனுமதியில்லை என்று பொருமும் சக வழக்கறிஞன். கொரிய இளைஞர்களிடையே 'நியாயமான போட்டி' என்ற பெயரில் புழங்கும் வெறுப்பைத் தொடர் அவன் வாயில் வைத்திருக்கிறது என்பது உண்மை. அவனுக்குச் சூ-யான் தரும் பதிலும் கைதட்டல் வாங்கியது: எங்கள் வகுப்பில் எப்போதும் முதலாவதாக வந்தவள் இவள், இவளை எந்த நிறுவனமும் எடுக்கவில்லை, அந்த அநியாயத்தை ஏன் பேசுவதில்லை என்பாள். நல்ல பதில்தான். ஆனால் அதே போட்டியின் விதியை ஏற்றுக்கொண்ட பதில். வகுப்பில் முப்பதாவதாக வந்த ஆட்டிசம் உள்ள பெண்ணுக்காகச் சூ-யானால் என்ன சொல்ல முடியும்? மின்-வூவின் தராசையே வாங்கி, அதில் வூவைக் கூடுதல் எடையுள்ளவளாகக் காட்டுவதோடு தொடர் திருப்தியடைகிறது. பிறகு அவனையும் மெல்லத் திருத்தி, சூ-யானோடு காதல் மலரவைக்கிறது.

இதே மனோபாவத்தின் முழு வடிவம் சுழல்கதவு. ஹன்படா கட்டட வாசலில் இருக்கும் சுழல்கதவுக்குள் நுழைய வூவால் முடிவதில்லை. சக ஊழியன் லீ ஜூன்-ஹோ அவளுக்கு வால்ட்ஸ் நடன அடியைச் சொல்லிக்கொடுக்கிறான், எண்ணி எண்ணி அடி வைக்கப் பழகுகிறாள். கடைசிப் பகுதியில் தனியாகவே கடந்து உள்ளே வந்து, தன் மனநிறைவுக்குப் பெயர் சூட்டுகிறாள். பலர் அழுத காட்சி. அழகான காட்சி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதினாறு பகுதிகள் முடிந்தும் அந்தக் கதவு அங்கேயே இருக்கிறது. அதை மாற்ற வேண்டும் என்று சட்ட நிறுவனத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தடையைக் கடப்பது தடைப்பட்டவரின் சாதனை என்று இந்த முடிவு சொல்கிறது. சக்கர நாற்காலியில் வருபவர் எத்தனை நடன அடி பழகினாலும் சுழல்கதவில் நுழைய முடியாது. அவர் கதையின் கடைசிக் காட்சியில் நிற்கத் தகுதியற்றவராகிறார்.

இதைச் சற்று மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால், தொடர் ஒளிபரப்பான அதே ஆண்டில் அதே நகரத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். வூ காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு திமிங்கிலங்களின் குரலைக் கேட்டபடி சுரங்க ரயிலில் வேலைக்குப் போகிறாள். அவள் கண்ணுக்குத் திமிங்கிலம் தெரிகிறது. அந்தச் சுரங்க ரயில் நிலையங்களில் 2021 டிசம்பரிலிருந்து மாற்றுத்திறனாளிகள் காலை நெரிசல் நேரத்தில் சக்கர நாற்காலிகளோடு ரயிலேறிப் போராடிக்கொண்டிருந்தார்கள். நடமாடும் உரிமைக்கும் காப்பகத்துக்கு வெளியே வாழும் உரிமைக்கும் வரவுசெலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்கச் சொன்னார்கள். அதன் வேர் 2001 ஜனவரியில் ஓய்டோ நிலையத்தில் சக்கர நாற்காலித் தூக்கி விழுந்து ஒருவர் இறந்ததில் இருக்கிறது. எல்லா நிலையங்களிலும் மின்தூக்கி வைப்போம் என்று மேயர்கள் மாறி மாறி வாக்குறுதி கொடுத்தும் தவணை தள்ளிக்கொண்டே போனது. போராட்டக்காரர்கள் மக்களைப் பணயக்கைதிகளாக்குகிறார்கள் என்று 2022 மார்ச்சில் ஆளவிருந்த கட்சியின் தலைவர் லீ ஜூன்-சொக் சாடினார். ரயில் தாமதமானதால் வசைபாடிய பயணிகள் மாலையில் வீட்டுக்குப் போய் வூவுக்காக உருகினார்கள் என்ற முரணை அப்போதே போராட்டக்காரர்களும் சுட்டினார்கள்.

வூ நேசிக்கப்பட்டதற்கும் அவர்கள் வெறுக்கப்பட்டதற்கும் காரணம் ஒன்றேதான். வூ யாரிடமும் எதையும் கேட்பதில்லை. அவள் யாருடைய வரிப்பணத்தையும் செலவழிக்கவைப்பதில்லை, யாருடைய ரயிலையும் தாமதப்படுத்துவதில்லை. அவள் கொடுக்கிறாள்: வழக்கை வென்று கொடுக்கிறாள், பார்ப்பவர் மனத்தை நல்லதாக உணரவைத்துக் கொடுக்கிறாள். கேட்பவராக வரும் மாற்றுத்திறனாளியைச் சந்திக்கத் தொடர் தன் பார்வையாளரைப் பழக்கவில்லை. சந்திக்க வேண்டியதில்லை என்ற ஆறுதலைத்தான் தந்தது.

2022 ஏப்ரலில் வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோரும் உறவினருமாக 500 பேருக்குமேல் சியோலில் கூட்டமாகத் தலையை மழித்துக்கொண்டார்கள். தங்கள் பிள்ளைகளுக்கு இருபத்து நான்கு மணி நேர ஆதரவுச் சேவையை அரசு தர வேண்டும் என்பது கோரிக்கை. அடுத்த மாதம், அதே நகரத்தில் ஒரு தாய் வளர்ச்சிக் குறைபாடுள்ள ஆறு வயது மகனோடு உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்கடுத்த மாதம் வூ ஒளிபரப்புக்கு வந்தாள். தொடர் அதற்கு முன்பே எழுதப்பட்டது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தாய்மார்களின் நிலை 2022இல் திடீரென்று உண்டானதல்ல. 2017 செப்டம்பரில் சியோலின் காங்சொ பகுதியில் சிறப்புப் பள்ளி கட்ட அனுமதிக்கும்படி தாய்மார்கள் ஊர்க்கூட்டத்தில் மண்டியிட்டுக் கெஞ்சிய படம் கொரியா முழுதும் பரவியது. சிறப்புப் பள்ளி வேண்டாம், மருத்துவமனை வரட்டும் என்றார்கள் எதிர்த்தவர்கள். வீட்டுமனை விலை பற்றிய பயமும் அதில் கலந்திருந்தது. அந்தச் சொஜின் பள்ளி 2020 மார்ச்சில்தான் திறந்தது. மனைவிலையும் பள்ளிக்கூடமும் மோதும் இந்த வழக்கைவிட ஒரு சட்டத் தொடருக்கு வேறென்ன கதை வேண்டும்?

பன்னிரண்டாம் பகுதியில் தொடர் வர்க்கத்தை நேரடியாகத் தொடுகிறது. காப்பீட்டு நிறுவனம் ஒன்று, கணவனும் மனைவியுமாக வேலைசெய்யும் இடத்தில் மனைவிகளை ராஜினாமா செய்யவைக்கிறது. பெண்கள் வழக்குப் போடுகிறார்கள். ஹன்படா நிறுவனத்தின் பக்கம் நிற்கிறது. நாம் செய்வது சரியா என்று வூ கேட்கிறாள். வழக்கறிஞரின் வேலை கட்சிக்காரரைக் காப்பது என்று மேலதிகாரி பதில் சொல்கிறார். பெண்கள் தோற்கிறார்கள். தோற்றபின் கூடி உண்டு மகிழ்கிறார்கள், அதைப் பார்த்து வூ நெகிழ்கிறாள். அடுத்த பகுதியில் எல்லோரும் ஜேஜுத் தீவுக்குப் போகிறார்கள். மாற்றுத்திறனாளி ஒருத்தி பெருநிறுவனத்துக்குள் இடம்பிடிப்பது மட்டுமே வெற்றி என்றால், அவள் உள்ளே போய் வேலையிழந்த பெண்களுக்கு எதிராக வாதாடுவதும் அந்த வெற்றியின் பகுதியாகிவிடுகிறது. தொடர் இதைக் கண்டு ஒரு நிமிடம் தயங்கியது. அந்தத் தயக்கத்தை மதிக்கிறேன்; ஒரு நிமிடத்தில் முடிந்துபோனதை மன்னிக்க மாட்டேன்.

தொலைக்காட்சித் தொடர் அரசின் கொள்கை அறிக்கையல்ல, அதனிடம் இவ்வளவு கேட்கலாமா என்பார்கள். கொரியத் தொடர்களே இதற்குப் பதில் சொல்லியிருக்கின்றன. 2018இல் பாக் ஹே-யங் எழுதிய 'மை மிஸ்டர்' நினைவிருக்கும். தற்காலிக ஊழியை லீ ஜி-ஆன், காதுகேளாத, நடமாட முடியாத பாட்டியோடு ஒற்றை அறையில் வாழ்கிறாள். தலைக்குமேல் கடன். பாட்டிக்கு நிலாவைக் காட்ட வேண்டும். சக்கர நாற்காலி இல்லை, கடையின் தள்ளுவண்டியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போகிறாள். ஊனமும் வறுமையும் ஒன்றையொன்று எப்படி இறுக்குகின்றன என்பதற்கு அந்த வண்டி போதும். பிறகு அலுவலக மேலாளர் பாக் டோங்-ஹூன் அவளிடம் கேட்கிறான், பாட்டியை ஏன் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கவில்லை என்று. பணமில்லை என்கிறாள். முகவரிப் பதிவைப் பிரித்துக்கொண்டால் பாட்டிக்குக் கட்டணமில்லாமல் இடம் கிடைக்குமே, இதைச் சொல்ல உனக்கு ஒருவரும் இல்லையா என்கிறான். அரசு அலுவலகத்து விதி ஒன்றைச் சொல்லும் வசனம் அந்தத் தொடரில் நெஞ்சை உலுக்கும் காட்சியாகிறது. ஏழைக்கு உரிமை இருப்பது மட்டும் போதாது, அது இருப்பதைச் சொல்லும் ஆளும் வேண்டும் என்பதை எந்தப் பிரசங்கமும் இல்லாமல் அது காட்டிவிட்டது.

வூவுக்கு இரண்டு வாரம் முன்னால்தான் நோ ஹீ-கியோங் எழுதிய 'அவர் ப்ளூஸ்' முடிந்திருந்தது. ஜேஜுத் தீவில் கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் யங்-ஓக்குக்கு டவுன் சிண்ட்ரோம் உள்ள இரட்டைச் சகோதரி யங்-ஹீ. நடித்தவர் ஜங் ஊன்-ஹே, தாமே டவுன் சிண்ட்ரோம் உள்ள ஓவியர். பெற்றோர் இறந்தபின் சகோதரியைக் காப்பகத்தில் விட்டிருக்கிறாள் யங்-ஓக். சிறுவயதில் ஒருமுறை சுரங்க ரயிலில் விட்டுவிட்டு இறங்கிப்போனவள் அவள். தன் காதலனிடம் அவள் வெடிக்கும் இடத்தை மறக்க முடியாது. யங்-ஹீ போன்றவர்களைத் தெருவில் ஏன் நீ பார்ப்பதில்லை தெரியுமா என்று தொடங்கி, அவளோடு வீடு கிடைக்காததை, அவளை வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாததை, சிறப்புப் பள்ளியை ஊர் விடாததை, கடைசியில் எங்கோ தொலைவில் கொண்டுபோய் விடுவதைச் சொல்கிறாள். அன்பு இல்லாததால் விடவில்லை, வாடகையும் வேலைநேரமும் விடவைத்தன. யங்-ஹீயும் படம் வரைகிறாள்தான், அங்கேயும் திறமை வருகிறதுதான். ஆனால் அந்தப் படங்களுக்காக யாரும் அவளுக்குக் கதவு திறப்பதில்லை. சகோதரியைப் பிரிந்திருக்கும் நேரத்தை அவள் அப்படிக் கடத்தியிருக்கிறாள், அவ்வளவே. அவள் திரும்பக் காப்பகத்துக்குத்தான் போகிறாள்.

நம் நண்பர்கள் ஏன் யங்-ஹீயைப் பற்றிப் பேசாமல் வூவைப் பற்றியே பேசுகிறார்கள்? வூ நமக்கு மகிழ்ச்சி தருகிறாள், யங்-ஹீ நம்மிடம் கணக்குக் கேட்கிறாள். வூவைத் தமிழில் எடுக்க வேண்டும் என்ற ஆசையும் இந்த மகிழ்ச்சியிலிருந்து வருவதுதான். எடுக்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் நாயகியைக் கல்லூரி முதல் மாணவியாக்காமல் எடுத்துப் பாருங்கள். அவள் பத்தாம் வகுப்பைத் தட்டுத்தடுமாறித் தாண்டியவள், ஒரு வார்த்தைக்கு மறுவார்த்தை வர நேரமாகும், ஞாபகசக்தி எல்லோரையும் போல. அப்பா சட்டம் படித்தவரல்ல, டிபன் கடையில் மாஸ்டர். அப்படி வைத்துக்கொண்டால் முதல் பகுதியிலேயே கேள்விகள் வந்து நின்றுவிடும்: அவளைப் பேருந்தில் யார் ஏற்றிவிடுவது, பயிற்சி மையம் எந்த ஊரில் இருக்கிறது, அம்மா எந்த வருஷம் வேலையை விட்டாள், அடையாள அட்டைக்காகக் கலெக்டர் ஆபீஸுக்கு எத்தனை நடை நடந்தார்கள், அப்பா படுத்துவிட்டால் கடை என்னாகும். இவற்றை எழுதாமல் இரண்டாம் பகுதிக்குப் போகவே முடியாது.